கிச்சடியை எந்தக் கட்டத்தில் போடுவது? நான்காம் வகுப்புக்கு உணவுப் பாடம்

சுண்ணாம்புக்கட்டி (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் என் பொறுப்பு. இந்த மாதம் உணவுப் பாடம் வருகிறது.

ஆற்றல் தரும் உணவு, வளர்ச்சி தரும் உணவு, பாதுகாப்புத் தரும் உணவு என்ற மூன்று வகையையும் பிள்ளைகள் பாட்டாகவே பாடிவிடுவார்கள். அரிசி எதில்? ஆற்றல். பருப்பு? வளர்ச்சி. கேரட்? பாதுகாப்பு. நூற்றுக்கு நூறு. ஆனால் காலையில் பள்ளியில் போட்ட ரவை கிச்சடியைக் காட்டி "இது எதில்?" என்று கேட்டால் வகுப்பே கப்சிப். ஒருத்தி மட்டும் கை தூக்கி, "அது டிபன் டீச்சர்" என்றாள்.

புத்தகப் படத்தில் அரிசி ஒரு கட்டத்தில், பருப்பு ஒரு கட்டத்தில், காய் ஒரு கட்டத்தில் நிற்கின்றன. பிள்ளைகள் தட்டில் எதுவும் அப்படித் தனியாக வருவதில்லை. சரி, இணையத்தில் ஏதாவது பயிற்சித்தாள் கிடைக்குமா என்று பார்த்தால் பாலில் போட்ட கார்ன்ஃபிளேக்ஸ், சீஸ், ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு ஜூஸ். எங்கள் ஊர்ச் சந்தைக்கே வராத பழத்துக்கு வண்ணம் தீட்டு என்று சொல்ல மனசு வரவில்லை.

என் கேள்விகள் இரண்டு. கலந்து சமைத்ததை வகை பிரித்துப் பார்க்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வீட்டில் வெறும் டீ குடித்துவிட்டு வரும் பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்காமல் காலை உணவைப் பற்றி எப்படிப் பேசுவது?

---

மதுரை மல்லி
திங்கள், இரவு 9.42

டீச்சர், இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதில் நாங்கள் அடிபட்டவர்கள்.

என் மகள் முன்பு படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். நல்ல சாப்பாடு என்றால் நட்சத்திர ஸ்டிக்கர். இவள் முதலில் உள்ளதைச் சொன்னாள், ராத்திரி மீந்த சோறும் மோரும். ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் ஓட்ஸ் என்று சொல்லி வாங்கிவிட்டாள். அதிலிருந்து இவளும் தினமும் ஓட்ஸ். எங்கள் வீட்டு வாசற்படியை ஓட்ஸ் மிதித்ததே கிடையாது. அது கஞ்சியா பிஸ்கட்டா என்றுகூட இவளுக்குத் தெரியாது! பெற்றோர் கூட்டத்தில் "உங்க பொண்ணு டெய்லி ஓட்ஸ் சாப்பிடறா, வெரி குட்" என்று மிஸ் பாராட்டியபோதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

சத்தைப் பற்றி அவள் ஒன்றும் கற்கவில்லை. பொய் சொல்லத்தான் கற்றாள். அதனால் வகுப்பில் "யார் யார் வீட்டில் என்ன" என்ற கேள்வியே வேண்டாம்.

---

பழையசோறு
திங்கள், இரவு 10.05

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். வீட்டில் என்ன வெந்திருக்கிறதோ அதைத்தான் பிள்ளை தின்னும். எட்டு வயசுப் பையனிடம் புரதம், மாவுச்சத்து என்று வகுப்பெடுத்து என்ன ஆகப்போகிறது? சமைப்பது அவன் இல்லை. கடைக்குப் போவது அவன் இல்லை. காசு அவனிடம் இல்லை.

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். எந்த வாத்தியாரும் எங்களுக்கு உணவு வகை சொல்லித்தரவில்லை. சோறு போட்டார்கள், சாப்பிட்டோம், வளர்ந்தோம்.

காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். அதில் பி12 கொட்டிக் கிடக்கிறது. எல்லா வைட்டமினும் அதிலேயே இருக்கிறது.

---

தராசுத்தட்டு
செவ்வாய், காலை 6.50

நான் அரசு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் இருக்கிறேன்.

> அதில் பி12 கொட்டிக் கிடக்கிறது

அண்ணா, பழைய சோறு நல்ல சாப்பாடுதான். வெயில் காலத்துக்கு அதை மிஞ்ச ஒன்று இல்லை, புளிக்கவைத்த உணவு வயிற்றுக்கும் இதம். பி12 விஷயத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள். நம்பிப் பெறக்கூடிய பி12 பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில் இருந்துதான் வருகிறது. பழைய சோற்றில் மோரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் உங்கள் வாதத்தில் பாதியாவது தேறும்.

"வளர்ந்தோம்" என்பதையும் அப்படியே விட மனசில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 50.7 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் அது 57.4. சோறு இல்லாத ஊர் இல்லை இது. வயிறு நிறைகிறது, ஆனால் இரும்பும் காயும் கீரையும் சேரவில்லை. சோறு மட்டும் போதும் என்றால் இந்த எண் இப்படி ஏறியிருக்காது.

இப்போது டீச்சர் கேள்வி. உங்களிடம் தனியார் பள்ளியில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் காலையில் சாப்பிட்டது ஒரே கிச்சடி, ஒரே சாம்பார். அதையே பாடமாக எடுங்கள். வீட்டுச் சாப்பாட்டைத் தொடவே வேண்டாம். பொதுத் தட்டைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் வெட்கம் இல்லை, யாரும் பொய் சொல்லவும் அவசியம் இல்லை.

கணக்கும் போட்டுக் காட்டலாம், நான்காம் வகுப்புக்கு இது புரியும். திட்டப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. ரவையில் இருந்து சுமார் 5 கிராம் புரதம், பருப்பில் இருந்து 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் எட்டு, ஒன்பது கிராம். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பரிந்துரை சுமார் 23 கிராம். மூன்றில் ஒரு பங்கு காலையிலேயே முடிந்தது! டீயும் இரண்டு வறுக்கியும் என்றால் நாலு கிராம் தேறினால் பெரிது. அதோடு டீ, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் தடுக்கும்.

இந்தக் கணக்கு எல்லாம் சாம்பாரைக் குடிக்கிற பிள்ளைக்குத்தான். உப்புமாவை மட்டும் தின்றுவிட்டு சாம்பாரைத் தட்டில் விட்டால் பருப்பும் காயும் கழுவுகிற தண்ணீரோடு போய்விடும். பாடத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

---

அங்கன்வாடி அக்கா
செவ்வாய், காலை 10.20

தராசுத்தட்டு சொன்ன 50 கிராமையும் 15 கிராமையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் டீச்சர். வாயால் சொன்னால் அது வெறும் எண்.

நாங்கள் மையத்தில் செய்கிற முறை இது. சமைப்பதற்கு முன் ஒரு தட்டில் பச்சையாக எடுத்து வைப்போம். ரவை ஒரு கிண்ணம், துவரம் பருப்பு ஒரு கை, நறுக்கின பீன்ஸ், கேரட், ஒரு தக்காளி, கறிவேப்பிலை, ஒரு கரண்டி எண்ணெய். பிள்ளைகள் தொட்டு, மோந்து பார்க்கலாம். அப்புறம் சமைத்ததைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "பருப்பு எங்கே போச்சு?" என்று கேட்போம். சின்னது எல்லாம் சாம்பாருக்குள் தேடும். கேரட் சுலபமாகக் கிடைக்கும். பருப்பு கரைந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பதில்தான் ரகளை. கலந்து சமைத்ததைப் பிரிப்பது எப்படி என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் வழி. முதலில் பிரிந்து இருந்ததைப் பார்த்தவனுக்குக் கலந்த பிறகும் தெரியும்.

உங்கள் பள்ளியில் சமைப்பது மகளிர் குழு அக்காக்கள் தானே? பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கும். ஒருநாள் அவர்களையே வகுப்புக்குக் கூப்பிடுங்கள். "எதுக்கு சாம்பார்ல பூசணி போடறீங்க" என்று பிள்ளைகள் கேட்கட்டும். கலெக்டர் வந்து பேசினால்கூட அவ்வளவு கவனிக்காது.

கீரை, காய் தட்டில் ஒதுக்குகிற பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். "ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லி விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் ஒதுக்கும், ஒருநாள் தானாக வாயில் போடும்.

---

எடைக்கல்
செவ்வாய், பிற்பகல் 2.15

நான் டீச்சரும் இல்லை டாக்டரும் இல்லை. ரேஷன் கடை விற்பனையாளர். ஒரு யோசனை.

எங்கள் கடையில் என்ன தருகிறோம்? அரிசி, கோதுமை, சர்க்கரை, பாமாயில், துவரம் பருப்பு. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். இந்தப் பையை வகுப்பில் கொட்டி மூன்று கட்டத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். அரிசி, கோதுமை, சர்க்கரை, பாமாயில் எல்லாம் ஆற்றல் கட்டத்துக்குப் போகும். பருப்பு ஒன்று மட்டும் வளர்ச்சி. பாதுகாப்புக் கட்டம் காலி.

காலியாக இருக்கிற அந்தக் கட்டத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடும். "இதுக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கொல்லையில் முருங்கை, வேலியில் அகத்தி, வீட்டுக்குப் பின்னால் பப்பாளி, ஏரிக்கரையில் பொன்னாங்கண்ணி என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் நம்மைவிட அறிவு அதிகம்.

கடையில் தினமும் பார்க்கிறேன், அரிசி வாங்காத கார்டு அநேகமாக இல்லை. பருப்பு வாங்கிப் போகிறவர்களில் சிலர் வாசலிலேயே அதை விற்றுவிடுகிறார்கள். குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கு அன்றைக்கு அந்தக் காசு தேவை.

---

சுண்ணாம்புக்கட்டி
செவ்வாய், மாலை 5.40

எடைக்கல் அண்ணா, காலிக் கட்டம் அருமை. அட்டையில் மூன்று வட்டம் வரைந்துவிட்டேன். பை என் வீட்டிலேயே இருக்கிறது.

அக்கா, பச்சைத் தட்டை வியாழன் வைக்கிறேன். எங்கள் பள்ளியில் அன்று உப்புமாவும் சாம்பாரும்.

இதற்குள் இன்று வகுப்பில் ஒரு சண்டை வந்துவிட்டது. உருளைக்கிழங்கு காயா இல்லையா? பாதிப் பேர் காய் என்கிறார்கள், காய்க்கடையில்தானே விற்கிறது. தேங்காய்ச் சட்னி எதில்? நிலக்கடலை எதில்? எனக்கும் கொஞ்சம் குழப்பம்தான், யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

---

தராசுத்தட்டு
செவ்வாய், இரவு 8.30

சுருக்கமாகத் தீர்ப்பு.

உருளைக்கிழங்கு: கடையில் காய்களோடு இருந்தாலும் உடம்புக்கு அது சோற்றுப் பக்கம். மரவள்ளியும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் என்று சொல்லும்போது இந்தக் கிழங்குகளைச் சேர்ப்பதில்லை. பூரியும் உருளைக்கிழங்கு மசாலும் என்றால் ஆற்றலும் ஆற்றலும், நடுவில் எண்ணெய். ருசிக்கு நான் பொறுப்பல்ல, வாரக் கடைசியில் நானும் சாப்பிடுவேன்.

தேங்காய்: பெரும்பகுதி கொழுப்பு. ஆற்றல் கட்டம். ஆனால் சட்னி என்பதற்காக எல்லாம் ஒன்றில்லை. அதே சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டினால் அது வளர்ச்சிக் கட்டத்துக்கு நகரும். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை அரைத்தால் பாதுகாப்பிலும் ஒரு கால். வீட்டில் பெரிய செலவில்லாமல் காலை உணவைத் திருத்துவதற்கு இதைவிட எளிய இடம் இல்லை. மூன்று இட்லியில் சுமார் 6 கிராம் புரதம். கூட என்ன சட்னி என்பதில்தான் மீதி இருக்கிறது.

நிலக்கடலை: பருப்பு வகைச் செடிதான், ஆனால் எண்ணெய் வித்து. 100 கிராமில் 25 கிராமுக்குப் பக்கம் புரதம், கொழுப்பு அதைவிட அதிகம். இரண்டு கட்டத்திலும் வைக்கலாம். ஒரு பொருள் இரண்டு கட்டத்தில் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். அவர்கள் சண்டை போட்டதே நல்ல அறிகுறி.

---

யீஷூன் அம்மா
செவ்வாய், இரவு 9.15

சிங்கப்பூரிலிருந்து. இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் பழைய உணவுப் பிரமிடை எடுத்துவிட்டுத் தட்டுப் படம் கொண்டுவந்தது. தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு இறைச்சி, மீன், பருப்பு போன்றவை. என் மகன் பாலர் பள்ளியிலேயே அதற்கு வண்ணம் தீட்டிக்கொண்டு வந்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் தோசைக்கு அந்தத் தட்டு ஒத்துவருவதே இல்லை. தோசை தட்டு முழுக்கப் பரந்து கிடக்கும். மகன் கத்தரிக்கோல் எடுத்து வந்து, "தோசை குவார்ட்டர்தான் இருக்கணும்மா" என்று வெட்டப் பார்த்தான். மாவிலேயே உளுந்து இருக்கிறது, அதனால் அது இரண்டு கட்டத்துக்கும் சொந்தம் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

அமெரிக்காவிலும் 1992இல் பிரமிடு, 2011இல் தட்டு என்று மாறியது. அப்படியிருக்க நாம் ஏன் இன்னும் மூன்று வகை என்ற பழைய பாடத்திலேயே இருக்கிறோம்?

---

தராசுத்தட்டு
செவ்வாய், இரவு 9.50

மாறாமல் இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் 17 வழிகாட்டல்களோடு புதிய கையேடு வெளியிட்டது. அதிலும் தட்டுப் படம் உண்டு. குறைந்தது எட்டு உணவுத் தொகுதிகளில் இருந்து சாப்பிடச் சொல்கிறார்கள். மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்குள், பருப்பு, முட்டை, இறைச்சி வழியாக 14, 15 விழுக்காடு. நம் ஊரில் பல வீடுகளில் தானியம் இந்த 45ஐ எங்கோ தாண்டி ஓடுகிறது.

ஆனாலும் எட்டு, பத்து என்று ஒன்பது வயதுக்குக் கொடுத்தால் மறுபடி மனப்பாடம்தான். மூன்றே போதும் என்பது என் கட்சி. எந்தக் கட்டம் காலி என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் எட்டும் புரியும்.

உங்கள் மகனுக்கு ஒரு சல்யூட். இட்லி, தோசை, பொங்கல் மூன்றும் தானியமும் பருப்பும் சேர்ந்தவை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அவற்றில் லைசின் என்பது தானியப் புரதத்தில் குறைவு, மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது. மாவு புளிக்கும்போது, இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிற பைட்டேட் குறைவதால் இரும்பும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அதனால் கத்தரிக்கோல் வேண்டாம். பக்கத்தில் ஒரு காய் சாம்பாரோ, தக்காளிச் சட்னியோ, சாப்பிட்டபின் ஒரு பழமோ வைத்தால் சரி.

---

வடமராட்சியான்
புதன், அதிகாலை 5.30

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்கட பக்கம் பள்ளிக்கூடங்களில காலமை இலைக்கஞ்சி குடுக்கிற வழக்கம் இருக்கு. வல்லாரை, முருங்கை இலை, பொன்னாங்காணி என்று என்ன கிடைக்குதோ அதை அரைச்சுப் பிழிஞ்சு, பச்சரிசிக் கஞ்சியில தேங்காய்ப்பாலோட விடுறது. சின்னப் பிள்ளைகள் பச்சை நிறத்தைக் கண்டவுடன முகத்தைச் சுழிப்பினம். அதற்குத்தான் ஒரு கடி பனங்கட்டி.

2022 நெருக்கடி நேரம் பால்மா விலை கைக்கு எட்டாமப் போச்சு. பாணும் (பிரெட்) அப்பிடித்தான். அப்ப நிறைய வீடுகள் குரக்கன் (உங்கட கேழ்வரகு) புட்டுக்கும், அவிச்ச பயறுக்கும், கஞ்சிக்கும் திரும்பினதைக் கண்ணால கண்டனான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கும்போது "பால் கட்டாயம்" என்று மட்டும் சொல்லாதேங்கோ டீச்சர். பால் வாங்க ஏலாத வீட்டுப் பிள்ளை, எங்கட வீட்டுச் சாப்பாடு பிழை என்று நினைச்சுக்கொண்டு போகும். குரக்கனிலயும் சின்ன மீனிலயும் எள்ளிலயும் கல்சியம் இருக்குத்தானே.

---

தராசுத்தட்டு
புதன், காலை 7.00

வடமராட்சியான் சொல்வது சரி. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. பால் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வழியே இல்லை என்று ஆகாது. பழத்துக்கும் அதே பேச்சு. படத்தில் ஆரஞ்சு இருந்தால் நீங்கள் கொய்யா வரையுங்கள். ஆரஞ்சைவிட நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு, கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர அது கை கொடுக்கும்.

---

மதுரை மல்லி
புதன், காலை 11.25

பால் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பாலில் கலக்கிற பவுடர் எந்தக் கட்டம்? என் மாமியார் அது இல்லாமல் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன் என்கிறார். "டிவியில காட்டறாங்க, உயரமா வளருமாம்."

---

தராசுத்தட்டு
புதன், பிற்பகல் 1.10

டப்பாவைத் திருப்பிப் பிடித்து, சேர்மானப் பட்டியலைப் பேத்தியையே படிக்கச் சொல்லுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, மால்ட் எத்தனையாவது இடம் என்று பார்க்கட்டும். பல டப்பாக்களில் முதல் மூன்று இடத்துக்குள் சர்க்கரை இருக்கும். 2024 ஏப்ரலில் இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்கக்கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்பது காரணம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம் மல்லி. பவுடரை முதலில் பாதி ஸ்பூனாகக் குறையுங்கள். பாலை நிறுத்தாதீர்கள்.

---

பழையசோறு
புதன், இரவு 7.45

ரேஷன் பை விளையாட்டு எனக்கே பிடித்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று. பிள்ளை பள்ளியில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்ஸ்பெக்டர் மாதிரி நிற்கும். "அம்மா, பாதுகாப்புக் கட்டம் காலி." விடிகாலையில் நூறுநாள் வேலைக்கு ஓடுகிற தாயிடம் போய் இதைச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? முதுகில் ரெண்டு போடுவாள். நியாயமும் அவள் பக்கம்தான். என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. பையன் உணவுப் பாடம் படித்துவிட்டு வந்து அரிசி உப்புமாவைத் தட்டோடு தள்ளிவிட்டான், அதில் காய் இல்லையாம்.

---

அங்கன்வாடி அக்கா
புதன், இரவு 8.20

பழையசோறு அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. இதை நானும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு "இது தப்பு, அது தப்பு" என்று சொல்லி அனுப்பினால் இப்படித்தான் ஆகும். நாங்கள் குறை சொல்லும் பாடமே நடத்துவதில்லை. "கூட ஒண்ணு" என்பதுதான் பாடம். உப்புமா இருக்கிறதா, கூட ஒரு கைப்பிடி கடலை. பழைய சோறா, கூட மோரும் கீரைப் பொரியலும். டீயும் வறுக்கியுமா, அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், பள்ளி டிபனை ஒழுங்காகச் சாப்பிடு, போகும் வழியில் கொய்யா கிடைத்தால் பறித்துத் தின்னு. தட்டில் இருப்பதை எடுக்கச் சொல்லக்கூடாது, ஒன்றைச் சேர்க்க மட்டும் சொல்லலாம்.

அந்தச் சேர்க்கிற வேலையும் பிள்ளையே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ராத்திரி ஒரு பிடி பயறை ஊறப்போடுவது எட்டு வயசுக்கு முடியும். முருங்கை இலை உருவுவது முடியும். பொட்டுக்கடலைச் சட்னிக்குப் பூண்டு உரிப்பது முடியும். அப்போது தாய்க்கு அது புகார் இல்லை, ஒத்தாசை.

---

எடைக்கல்
புதன், இரவு 8.55

அக்கா சொன்னதுக்கு மேல் என்ன இருக்கிறது. +1

---

சுண்ணாம்புக்கட்டி
வியாழன், இரவு 9.00

இன்று நடத்தினேன். சமையல் அக்கா ஒருவர் வந்தார். பச்சைத் தட்டு வைத்தோம், அப்புறம் உப்புமாவும் சாம்பாரும். ரேஷன் பையில் பிள்ளைகள் பாமாயிலை எங்கே வைப்பது என்று ரொம்ப நேரம் விவாதித்தார்கள். காலிக் கட்டத்துக்கு வந்த பட்டியல் பெரியது. முருங்கை, அகத்தி, சுண்டைக்காய், பப்பாளி, கோவைக்காய், "எங்க ஆயா வீட்டு நெல்லிக்கா". புளியங்காயையும் ஒருவன் சேர்க்கப் பார்த்தான், விட்டுவிட்டேன்.

முட்டை எதில் என்ற கேள்விக்குப் பிள்ளைகளே மதியச் சத்துணவைக் காட்டிவிட்டார்கள். காலையில் பருப்பு, மதியம் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறோம், அவர்கள் வளர்ச்சிக் கட்டத்துக்கு என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். சுண்டல் என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை.

வீட்டுப்பாடம் 'கூட ஒண்ணு'தான். என்ன சாப்பிட்டாய் என்று எழுத வேண்டாம், எதைச் சேர்க்கலாம் என்று மட்டும் வரைந்து வர வேண்டும். பயறு ஊறப்போட நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

---

கத்தரிப்பூ
வியாழன், இரவு 10.10

இழையை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சின்னச் சந்தேகம். என் மகனும் பயறு ஊறப்போட்டு முளைகட்டினான். மறுநாள் ஒரே வழுவழுப்பு, நாற்றம் வேறு. எங்கே தப்பு? முளைகட்டினதைப் பச்சையாகக் கொடுக்கலாமா?

---

அங்கன்வாடி அக்கா
வெள்ளி, காலை 6.15

தண்ணீரிலேயே விட்டிருப்பீர்கள். ராத்திரி ஊறினதும் காலையில் தண்ணீரைச் சுத்தமாக வடித்து, இரண்டு தடவை கழுவி, ஈரத் துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் வையுங்கள். இறுக்கிக் கட்டினால் காற்று போகாது, வெந்துபோன மாதிரி ஆகிவிடும். வெயில் காலத்தில் மாலையிலும் ஒருமுறை அலசுங்கள். நாற்றம் வந்ததைக் கொட்டிவிடுங்கள், கழுவிச் சமைக்கப் பார்க்காதீர்கள்.

பச்சையாக வேண்டாம். முளை விடுகிற ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் வளரும், சின்னப் பிள்ளை வயிற்றுக்கு ஆகாது. இட்லித் தட்டில் வைத்து நன்றாக வேகும் வரை ஆவியில் வைத்து, உப்பும் துருவின தேங்காயும் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.